சாபத்துக்கு என்ன விலை?

பத்திரிகாசிரியர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். நல்ல மனிதர். சொன்ன தேதியில் பணம் அனுப்புகிறவர். அந்த நன்றிக்காக அவர் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. கடிதத்தின் சாரம் இதுதான்:

"தங்களுக்குப் பழவேற்காடு நன்றாகப் பழகிய இடம். டச்சுக்காரர் கல்லறை இருக்கிறது; ஏரி இருக்கிறது; மீனவர் குப்பங்கள் இருக்கின்றன. விக்கிரகத்தின் கண்ணிலிருந்து பெயர்த்தெடுத்த ஒரு வைரம், அதைக் கைப்பற்றிய நகை வியாபாரி, வைரத்தைக் காட்டியே அவன் பெரிய மனிதர் வீட்டுப் படிகளில் ஏறுவது, ஏறிய வீடுகளில் எல்லாம் சாபம் பலிப்பது என்று இருபத்தைந்து வாரம் கொண்டுபோனால் வாசகர்கள் பத்திரிகையைக் கீழே வைக்க மாட்டார்கள். குறி சொல்லும் மீனவக் கிழவி ஒருத்தி அவசியம் வேண்டும்."

இரண்டு நாள் பதில் எழுதவில்லை. கதை வராததால் அல்ல. கதை வந்துவிட்டது, அதுதான் சங்கடம். முதல் அத்தியாயமும் அது முடியும் இடமும் படித்துக்கொண்டிருக்கும்போதே கண் முன் வந்து நின்றன. நிற்காமல் என்ன செய்யும்? இருபது வருஷத்துக்கு முன்னால் அதை நானே ஒரு தடவை எழுதியாகிவிட்டது.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. இண்டர்மீடியட்டோடு படிப்பை நிறுத்திவிட்டு, எழுதிப் பிழைக்கலாம் என்ற அசட்டுத் துணிச்சலில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் இரு பக்கமும் செதுக்கியிருக்கிற எலும்புக்கூடுகளைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் படகில் சுற்றினேன். திரும்பி வரும் பஸ்ஸிலேயே கதை தயார். டச்சுக்காரன் சவப்பெட்டியில் ஒரு சிவப்புக் கல். அதைத் தோண்டி எடுத்த குப்பத்து ஆள் பேராசையில் தம்பியைக் கொல்கிறான். கல் கை மாறிச் சென்னைக்குப் போகிறது. வாங்கிய நகைக் கடைக்காரர், அவரிடம் வாங்கிய ஜமீன்தாரிணி, எல்லோரும் வரிசையாக மாண்டு போகிறார்கள். பதினோரு வாரம் வந்தது. பாராட்டுக் கடிதங்கள் வந்தன. ஒருவர் தம் மனைவி மூன்று நாள் மூக்குத்தியைக் கழற்றி வைத்துவிட்டாள் என்று எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறு வருஷம் அங்கே போயிருந்தேன். கரையில் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இறால் பிரித்துக்கொண்டிருந்த ஒரு ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் பேத்தி பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். பத்திரிகையில் போட்டிருந்த என் படத்தை அந்தப் பெண்தான் அடையாளம் கண்டு சொல்லியிருக்கிறாள்.

"ஏம்ப்பா, நீதான் அந்தக் கதை எழுதினவனா?"

"ஆமாம் ஆயா" என்றேன். உள்ளூரச் சந்தோஷம்தான்.

"எங்க குப்பத்துல எந்த ஊட்டுல அண்ணன் தம்பிய வெட்டினான்? சொல்லு, போயிப் பாத்துட்டு வரலாம்."

"அது கதை, ஆயா."

"கதையின்னா உங்க தெருவுல வெட்டிக்கினதா எழுதறது. எங்க பேரு எதுக்கு?"

அவள் அதற்கு மேல் பேசவில்லை. இறாலைப் பிரிக்கத் தொடங்கிவிட்டாள். இருபது வருஷமாக நான் பல விமரிசகர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அந்த ஆயாவுக்குச் சொல்லப் பதில் கிடைக்கவில்லை. இன்றைய கட்டுரை ஓரளவு அவளுக்காகத்தான்.

இப்போது வைர வியாபாரியிடம் வருவோம். பழவேற்காட்டுக்கு ஒரு நகை வியாபாரி வேண்டுமென்றால் கற்பனை செய்யவே வேண்டியதில்லை. நிஜமாகவே ஒருவன் வந்து போயிருக்கிறான். அதுவும் லேசுப்பட்டவன் அல்ல.

ரத்தின வியாபாரத்துக்குப் பழவேற்காடு பழைய ஊர். பதினாறாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இந்தப் பக்கத்தைப் பற்றி எழுதிய போர்த்துகீசியரான துவார்த்தே பர்போசா, பெகு தேசத்து மாணிக்கக் கற்கள் இங்கே ஏராளமாக வந்து விற்பதாகச் சொல்கிறார். விஜயநகரத்துக்கு அது ஒரு வாசல். பிறகு டச்சுக்காரர் வந்தார்கள். 1613-ல் கெல்டிரியா என்று கோட்டை கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரையில் சோழமண்டலக் கரைக்கே அதுதான் அவர்களுக்குத் தலைமை இடம். அந்தக் கோட்டைக்கு 1652-ல் ஒரு பிரெஞ்சுக்காரன் வந்தான். ஜான் பாப்டிஸ்ட் தவர்னியே என்று பெயர். 1605-ல் பாரிஸில் பிறந்தவன். குலம் கோத்திரம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆறு தடவை கீழ்த்திசைக்கு வந்து போனான். பின்னாளில் உலகமே 'சாபம் பிடித்தது' என்று நடுங்கிய நீல வைரத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவன் இவனேதான்.

பழவேற்காட்டில் அவன் கண்ணில் பட்ட விஷயம் எது தெரியுமா? குடிதண்ணீர். கடல் உள்வாங்கும் சமயத்தில் ஊர் ஜனங்கள் கரையோரமாக எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய் மணலில் குழி தோண்டுவதையும், அதில் அருமையான நல்ல தண்ணீர் ஊறுவதையும் எழுதி வைத்திருக்கிறான். சாபமும் இல்லை, குறி சொல்லும் கிழவியும் இல்லை. வியாபாரி அல்லவா? உள்ளதைப் பார்க்கத் தெரிந்தவன். நானும்தான் ஒரு நாள் முழுவதும் அங்கே இருந்தேன். எலும்புக்கூட்டைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவன் போய்க்கொண்டிருந்தது கண்டிக்கோட்டைக்கு. கோல்கொண்டா சுல்தானிடம் நல்ல முத்துக்களை விற்க வேண்டும். மந்திரி மீர் ஜூம்லா பார்க்காமல் சுல்தான் எதையும் வாங்க மாட்டார். மந்திரியோ கண்டிக்கோட்டையைப் பிடித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறார். ஆகவே மசூலிப்பட்டினத்திலிருந்து கடற்கரை ஓரமாகவே பழவேற்காடு, சென்னை என்று வந்து உள்நாட்டுக்குத் திரும்பினான். மீர் ஜூம்லாவை அவன் வர்ணித்திருப்பதைப் படித்தால் நாவலாசிரியர்களாகிய நாம் பேனாவைக் கீழே வைக்கலாம். கால் விரல் இடுக்குகளில் எல்லாம் கடிதங்கள், இடது கை விரல் இடுக்குகளிலும் கடிதங்கள். காலிலிருந்து ஒன்று, கையிலிருந்து ஒன்று என்று உருவிப் படித்துக் குமாஸ்தாக்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாராம். இடையில் குற்றவாளிகளுக்குத் தண்டனையும் ஆயிற்று.

ஒரு சாதாரண மனிதன் கையில் கல் இருந்தால் எந்த வீட்டுக் கதவு திறக்கும் என்பதற்கு இவன் வாழ்க்கையைவிட நல்ல உதாரணம் கிடையாது. சுல்தானின் மந்திரி அவனை உட்கார வைத்துப் பேசினார். 1665-ல் ஔரங்கசீப்பின் நகைகளைக் கையிலே வாங்கிப் பார்த்தான். ஊருக்குத் திரும்பி, சுமார் 112 காரட் எடையுள்ள நீல வைரத்தையும் மற்ற வைரங்களையும் பதினான்காம் லூயி மன்னருக்கு விற்றான். மன்னர் பணமும் கொடுத்தார். பிரபுப் பட்டமும் கொடுத்தார். 1670-ல் ஜெனீவா ஏரிக்குப் பக்கத்தில் ஓபோன் என்ற சமஸ்தானத்தை விலைக்கு வாங்கி அதற்குச் சொந்தக்காரன் ஆனான்.

சாபக் கதைக்காரர்கள் இந்த இடத்தில்தான் உள்ளே நுழைகிறார்கள். அந்த நீல வைரம் ஒரு ஹிந்துக் கோவில் விக்கிரகத்தின் கண் என்பார்கள். தவர்னியே அதைப் பெயர்த்துத் திருடினான் என்பார்கள். பலனாக வெறி நாய்கள் அவனைக் கடித்துக் குதறிக் கொன்றன என்பார்கள். ஆனால் அவன் 1689-ல், எண்பத்து நாலாவது வயதில், இன்னொரு பயணமாக ருஷ்யாவுக்குப் போன இடத்தில் காலமானான். அந்தக் காலத்தில் எண்பத்து நாலு வயது! இப்படிச் சபிப்பதாக இருந்தால் எனக்கும் யாராவது சபிக்கட்டும். அவன் 1676-ல் வெளியிட்ட பெரிய யாத்திரைப் புத்தகத்தில் எத்தனையோ கல்லைப் பற்றிச் சொல்கிறான்; விக்கிரகத்தின் கண்ணைப் பெயர்த்ததாக ஒரு வரி கிடையாது. நீல வைரம் கிருஷ்ணா நதிக் கரையில் உள்ள கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்களின் ஊகம். அந்த இடமும் இப்போது புலிச்சிந்தலா அணையின் தண்ணீருக்குள் போய்விட்டது.

ஆனால் வாசகர்களே, அவன் புத்தகத்தில் ஒரு கண் இருக்கிறது. அதை யாரும் தொடர்கதை ஆக்கவில்லை.

ராவல்கொண்டா என்ற சுரங்கத்தைப் பற்றிச் சொல்லும்போது எழுதுகிறான். வேலை தெரிந்த ஆளுக்கே வருஷத்துக்கு மூன்று வராகன்தான் கூலி. ஐம்பது பேர் வேலை செய்தால் பன்னிரண்டிலிருந்து பதினைந்து பேர் காவல். இவ்வளவு குறைந்த கூலியானதால் கிடைத்த கல்லை மறைக்கிறார்கள். உடம்பில் துணி ஏது ஒளிப்பதற்கு? சிலர் விழுங்கிவிடுகிறார்கள். ஒருவன் ஏறக்குறைய இரண்டு காரட் எடையுள்ள கல்லைத் தன் கண்ணின் மூலையில் இமைக்குக் கீழே செருகி வைத்திருந்தான். அகப்பட்டுக்கொண்டான். கல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

பட்டை தீட்டாத வைரம் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? மூலை முடுக்கோடு இருக்கும். அதை இமைக்குள் செருகிக்கொண்டு, வெயிலில், காவல்காரன் முன்னால், கண்ணீர் வடியாமல் நிற்க வேண்டும். அந்த மனிதன் பேர் தெரியாது. அவன் வீட்டில் எத்தனை பேர் சோற்றுக்குக் காத்திருந்தார்கள் என்பதும் தெரியாது. கொல்லூரில் ஆணும் பெண்ணும் குழந்தையுமாக அறுபதினாயிரம் பேர் வேலை செய்ததாகத் தவர்னியே எழுதுகிறான். அறுபதினாயிரம் பேரில் ஒருவருடைய கண்ணைப் பற்றியும் நமக்குக் கவலை இல்லை. இல்லாத விக்கிரகத்தின் இல்லாத கண்ணுக்காக இருநூறு பக்கம் எழுதுகிறோம்.

இந்தச் சாபம் பிறந்த இடம் எது என்றும் சொல்லிவிடுகிறேன். அது கொல்லூரில் பிறக்கவில்லை, பழவேற்காட்டிலும் பிறக்கவில்லை. பத்திரிகை ஆபீசிலும் நகைக் கடையிலும் பிறந்தது.

மன்னர் 1673-ல் அந்தக் கல்லைப் பட்டை தீட்டச் செய்தார். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1792-ல் அது களவு போயிற்று. 1812-ல் லண்டனில் வேறு உருவத்தில் தலைகாட்டிற்று. ஹோப் என்ற பணக்காரக் குடும்பத்திடம் இருந்ததால் ஹோப் வைரம் ஆயிற்று. இவ்வளவு காலமும் சாபப் பேச்சே இல்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்து, கல் குடும்பத்தை விட்டு வியாபாரிகள் கைக்கு வந்து, சீக்கிரம் விலை போகாமல் தடுமாறிக்கொண்டிருந்தபோதுதான், 1908, 1909-ம் ஆண்டுகளில், பத்திரிகைகளில் சாபம் முளைத்தது. சிரச்சேதம் செய்யப்பட்ட மேரி அந்துவானெத் ராணியின் தலையிலும் பழியைப் போட்டார்கள். கல்லோ பதினைந்தாம் லூயி காலத்திலேயே அரசருக்கு உரிய ஒரு விருதுப் பதக்கத்தில் பதித்தாகிவிட்டது; ராணி அதை அணிந்தாள் என்பதற்கே ஆதாரம் இல்லை.

அப்புறம் வந்தார் பியேர் கார்த்தியே. பாரிஸ் நகைக் கடைக் குடும்பம்; 1909-ல் நியூயார்க்கில் கிளை திறந்திருந்தார். அமெரிக்கப் பணக்காரர்களின் வரவேற்பு அறைக்குள் நுழைய அவருக்கு ஒரு சாவி வேண்டியிருந்தது. ஹோப் வைரத்தை வாங்கினார். ஈவலின் வால்ஷ் மக்லீன் என்ற இளம் சீமாட்டியிடம் கொண்டுபோய், கல்லைக் காட்டுவதற்கு முன்னால் கதையைச் சொன்னார். அந்த அம்மாள், "மற்றவர்களுக்குக் கெடுதல் செய்யும் பொருள் எனக்கு அதிர்ஷ்டம் தரும்" என்ற சுபாவம் உடையவள். இதைக் கார்த்தியே தெரிந்துகொண்டிருந்தார். 1911-ல் 1,80,000 டாலருக்கு வியாபாரம் முடிந்தது. விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை உண்டு: ஆறு மாதத்துக்குள் வீட்டில் சாவு நேர்ந்தால் கல்லைத் திருப்பிக் கொடுத்துச் சமமான விலைக்கு வேறு நகை எடுத்துக்கொள்ளலாம்!

கைக்கடிகாரத்துக்கு உத்தரவாதச் சீட்டுக் கொடுப்பார்கள், பார்த்திருக்கிறோம். சாபத்துக்கு ஆறு மாத உத்தரவாதம் கொடுத்த மகானுபாவர்களை இங்கேதான் பார்க்கிறோம். சாபத்தை நம்புகிறவன் அந்தக் கல்லை விற்பானா? நம்பாதவன் அந்த நிபந்தனையை ஒப்புக்கொள்வானா? இரண்டுக்கும் நடுவில் ஒரு புன்னகை இருக்கிறதே, அதுதான் வியாபாரம்.

அந்த அம்மாளுக்கு வந்த துக்கங்கள் நிஜமானவை; அவற்றைப் பரிகசிக்க எனக்கு மனம் வராது. 1919-ல் ஒன்பது வயதுப் பையன் மோட்டாரில் அடிபட்டு இறந்தான். கணவர் புத்தி பேதலித்து ஆஸ்பத்திரியிலேயே முடிந்தார். மகள் 1946-ல் தூக்க மாத்திரையால் இறந்தாள். அடுத்த வருஷம் தாயும் போய்விட்டாள். ஒரு தாய் தன் குழந்தையை ரோட்டில் பறிகொடுத்ததை, 'பார்த்தீர்களா, வைரம் வேலை செய்கிறது' என்று எழுதினார்கள். பழவேற்காட்டுக் குப்பத்து ஆயாவுக்கு நான் செய்ததை அமெரிக்கச் சீமாட்டிக்கு அவர்கள் செய்தார்கள். பணம் இருந்ததால் அவள் மட்டும் தப்பவில்லை. ஹோப் பிரபுவை முன்பு மணந்து விலகிய ஒரு நடிகை 1921-ல் இதையே பதினைந்து பாகமுள்ள சினிமாத் தொடராக எடுக்கச் செய்தாள். நம் பத்திரிகாசிரியர் இருபத்தைந்து கேட்கிறார், பத்து அதிகம்.

1958-ல் ஹாரி வின்ஸ்டன் என்ற வியாபாரி அந்தக் கல்லை வாஷிங்டன் ஸ்மித்சோனியன் காட்சிசாலைக்கு இனாமாகக் கொடுத்தார். எப்படி அனுப்பினார்? பழுப்புக் காகிதத்தில் சுற்றி, ரிஜிஸ்தர் தபாலில். தபால் செலவு இரண்டரை டாலருக்குள். இன்ஷூரன்ஸோடு சேர்த்து 145 டாலர் சொச்சம். இன்றும் அங்கே இருக்கிறது, 45.52 காரட். நீல நிறத்துக்குக் காரணம் அதில் துளி போரான் கலந்திருப்பது. ஊதா கடந்த ஒளியைக் காட்டி அணைத்தால் சிறிது நேரம் தணல் போலச் சிவப்பாக ஒளிரும். இந்த ஆச்சரியம் போதாதா? இதற்கு மேல் வெறி நாய் எதற்கு?

"ஸ்வாமி, கதைதானே! பொழுதுபோக்குக்கு எழுதுவதைப் போய்க் கோர்ட்டில் நிறுத்துகிறீரே" என்று நண்பர்கள் சொல்வார்கள். நான் பேய்க் கதைக்கு விரோதி இல்லை. 1868-ல் வில்கி காலின்ஸ் எழுதிய 'சந்திரகாந்தக் கல்' நாவலை மூன்று தடவை படித்திருக்கிறேன். சாப வைரக் கதைகளுக்கெல்லாம் தாய் அது. ஆனால் அந்த வெள்ளைக்காரர், கல்லைத் திருடினவன் வெள்ளைக்காரச் சிப்பாய் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். கடைசியில் கல்லை உரியவரிடமே சேர்ப்பிக்கிறார். அவருடைய பேரப் பிள்ளைகளாகிய நாம் அந்த நியாயத்தை விட்டுவிட்டுப் பயத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். என் குற்றச்சாட்டு இதுதான்: சாபக் கதை, செய்தவனைத் தப்ப விடுகிறது. கூலி கொடுக்காதவன், பிடுங்கினவன், பொய் சொல்லி விற்றவன் எல்லோரும் மறைந்துபோகிறார்கள். பழி கல்லின் மேல் விழுகிறது. அல்லது சபித்ததாகச் சொல்லப்படுகிற ஏழையின் மேல் விழுகிறது.

உண்மையில் நகை வியாபாரியைக் கவிழ்ப்பது எது என்று பார்க்க வேண்டுமானால் ஸிம்லாவுக்குப் போகலாம். அலெக்ஸாண்டர் மால்கம் ஜேக்கப் என்பவர் அங்கே கடை வைத்திருந்தார். வைஸ்ராயும் மகாராஜாக்களும் கவர்னர்களும் அவர் கடைக்கு வந்தார்கள். மந்திரம் தெரிந்தவர் என்றும் புகழ். 1891-ல் 'இம்பீரியல்' என்ற பெரிய வைரத்தை ஹைதராபாத் நிஜாம் மஹபூப் அலிகானுக்கு விற்கப் போனார். 46 லட்சம் பேரம். பாதிப் பணம் முன்கூட்டியே வந்தது. பிறகு நிஜாம் வேண்டாம் என்றார். கல்கத்தா ஹைகோர்ட்டில் வழக்கு. ஜேக்கப் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு. ஆனால் செலவிலும் பாக்கியிலும் அழிந்துபோனார். கூட்டமாக வந்த பெரிய மனிதர்களில் ஒருவரும் அப்புறம் வரவில்லை. 1921-ல் பம்பாயில் ஏழையாகச் செத்தார். நிஜாம் அதை அபசகுனமான கல் என்று ஒதுக்கினாராம். பின்னால் மகன் அதைத் தகப்பனாரின் பாதரட்சைக்குள் கண்டெடுத்து மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டார். 1995-ல் இந்திய அரசாங்கம் நிஜாம் நகைகளோடு அதையும் வாங்கியது. கல் என்ன செய்தது? சும்மா இருந்தது. மனிதர்கள்தான் பேரம் பேசினார்கள், பின்வாங்கினார்கள், கைவிட்டார்கள். எழுதினால் இதைவிட நல்ல நாவல் எது?

பழவேற்காட்டுக்கே திரும்புகிறேன். அங்கே சபிக்கத் தக்க காரியம் நடக்கவில்லையா? நடந்தது. பஞ்ச காலங்களில் இந்தக் கரையில் பசியால் தங்களையும் குழந்தைகளையும் விற்ற ஜனங்களை டச்சுக் கம்பெனி வாங்கிக் கப்பல் ஏற்றியது. பழவேற்காடு, நாகப்பட்டினம் துறைகளிலிருந்து பதினேழாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கானவர்கள் அடிமைகளாகப் பத்தேவியாவுக்கும் இலங்கைக்கும் போனார்கள். கல்லறைத் தோட்டத்தில் டச்சுப் பிரபுக்களுக்குச் சித்திர வேலைப்பாடுள்ள கல் இருக்கிறது. கப்பல் ஏறினவர்களுக்கு ஒரு செங்கல்கூட இல்லை. அவர்கள் சபித்திருந்தால் பலித்திருக்க வேண்டும் அல்லவா? கம்பெனிக்குப் பிறகும் நூறு வருஷத்துக்கு மேல் லாபம்தான் வந்தது.

இன்றைக்கும் பட்டணத்திலிருந்து போகிறவர்கள் படகுக்காரரிடம் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? "புதையல் கதை ஏதாவது உண்டா?" அங்கே வைரவன்குப்பம் என்று ஓர் ஊர். வைரவரின் பெயர் அது. கடவுளை விட்டுவிட்டு அதில் வைரத்தைத் தேடின புத்திசாலி ஒருவரை நானே சந்தித்தேன். படகு ஓட்டிய இளைஞர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், எல்லாரும் புதையலத்தான் கேக்குறாங்க. முகத்துவாரம் தூந்து போச்சே, அத யாரும் கேக்க மாட்டேன்றாங்க."

முகத்துவாரம் என்றால் ஏரி கடலோடு சேருகிற வாய். மணல் வந்து அடைத்துவிட்டால் கடல் தண்ணீர் ஏறாது. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வராது. ஏரியிலிருந்து படகு கடலுக்குப் போக முடியாது. ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவருகிற நல்ல தண்ணீரும் மழைக் காலத்தோடு சரி. "ஏரிக்கு ஏதோ சாபம்" என்று ஒரு கனவான் என்னிடம் சொன்னார். சாபம் இல்லை ஐயா, மணல். மணல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, தெற்கே கரையில் கல் கொட்டித் துறைமுகம் கட்டினால் அது எப்படித் திசை மாறுகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். சாபம் என்று சொல்லிவிட்டால் அவர்களைக் கேட்க வேண்டியதில்லை, அவ்வளவு சௌகரியம்.

அந்த ஏரியிலே ஒரு முறை உண்டு. பாடு என்பார்கள். இன்ன இடத்தில் இன்ன நாள் இன்னார் சுத்து வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். நல்ல இடம் என்றும் ஒருவனுக்கே போய்விடாது; சுற்றி வரும். பாட்டில் பங்கு இல்லாதவர்களுக்கு அதில் மனக்குறை உண்டு, சண்டையும் உண்டு. சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதிர்ஷ்டம் என்பதை ஊர் நடுவில் வைத்து, எல்லோர் கண் முன்னாலும் பங்கு போடத் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களைத்தான் நான் ஒரு சிவப்புக் கல்லுக்காகத் தம்பியை வெட்ட வைத்தேன்.

பத்திரிகாசிரியருக்குப் பதில் எழுதிவிட்டேன். கண்ணுக்குள் கல்லை மறைத்தவனைப் பற்றி ஒரே ஒரு சிறுகதை தருகிறேன், நாலு பக்கம் வரும், சாபம் கிடையாது, இஷ்டம் இருந்தால் போடுங்கள் என்று எழுதினேன். உடனே பதில் வந்துவிட்டது: "சிறுகதை சரி. அனுப்புங்கள். அந்தக் கல்லைப் பிடுங்கிக்கொண்ட காவல்காரன் பிற்பாடு என்ன ஆனான்?"